முப்பதுக்கு ஒன்பது

"சைக்யாட்ரி போஸ்டிங்கா? ஜாலிடி. ஊசி கிடையாது, டிரிப் கிடையாது. சும்மா பேசிட்டு இருந்தா போதும்."

பெங்களூருக்குப் போகும் வழியில் அத்திபெலேயில் பஸ் ஏறிய இரண்டு நர்சிங் மாணவிகளில் ஒருத்தி இன்னொருத்திக்கு இப்படி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவர்களுக்கு முன்சீட்டில், ஊத்தங்கரையிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எனக்கும் அதே போஸ்டிங்தான். ஆறுதல் அவளுக்கு. முறுக்கு டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது நான்.

நர்ஸ் வேலையில் கையால் செய்கிறவை உண்டு, வாயால் செய்கிறவை உண்டு. கைவேலையில் நான் மோசமில்லை. நரம்பே தெரியாத கையிலும் பொறுமையாகத் தேடி ஊசி போட்டுவிடுவேன். வாய்தான். அப்பா எனக்கு தேன்மொழி என்று பெயர் வைத்துவிட்டு, மொழி எப்போது வரும் என்று இன்னும் காத்திருக்கிறார். ஹாஸ்டல் மெஸ்ஸில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று வருடம் வறண்ட இட்லி தின்றவள் நான். என்னை நான்கு வாரம் மனநலப் பிரிவில் உட்காரவைத்து, "பேசு" என்றார்கள். இந்த நான்கு வாரத்தைத் தாண்டி வந்தவர்களும், அடுத்த மாதம் மாட்டிக்கொள்ளப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். என்னைவிட மோசமாகச் செய்வது சுலபமில்லை.

முதல் இருபது நிமிஷம்

ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு நோயாளியை ஒதுக்குவார்கள். எனக்குக் கிடைத்தவர் ராஜேஸ்வரி அம்மா. ஐம்பத்தெட்டு வயது, ஈஜிபுராவில் வாடகை வீடு. ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தவர். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைசி இரண்டு மாதமாக அடுப்பை அணைக்க மறக்கிறார், சொன்னதை மறக்கிறார், கதவைத் திறந்துபோட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். மறதி நோயா, வேறு ஏதாவதா என்று பார்ப்பதற்காகச் சேர்த்திருந்தார்கள். கூட இருந்தது ஒரே மகள் கவிதா. அவள் ஒரு கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட் வேலையில் இருந்தாள். மூன்று வாரம் லீவு. மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குள் திரும்பி வருவாயா, வேலையை விடுகிறாயா என்று சொல்லிவிட வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். "அம்மாவுக்கு மறதி நோயா, இல்லையா? அது தெரிஞ்சாப் போதும் சிஸ்டர். நோய்தான்னா வேலையை விட்டுட்டு நான் கூடவே இருந்துடுவேன்" என்று முதல் நாளே சொன்னாள்.

நோயாளியோடு நம்பிக்கையான உறவை ஏற்படுத்திக்கொள்வதுதான் முதல் நாள் வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "வணக்கம்மா, என் பேர் தேன்மொழி, ஸ்டூடன்ட் நர்ஸ்" என்றேன். அதுவரைதான் மனப்பாடம். அவர் ஏதாவது சொன்னால்தான் எனக்கு அடுத்த வரி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தார். நானும் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒரு காக்கா இருந்தது. அதற்கும் பொறுக்கவில்லை போல, போய்விட்டது. அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். நானும் கோத்துக்கொண்டேன். கவிதா கேன்டீனிலிருந்து காபியோடு வந்து, வாசலிலேயே நின்று எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சிஸ்டர். தூரத்துலேர்ந்து பாத்தா ரெண்டு பேர்ல யாரு பேஷன்ட்டுன்னே தெரியல."

உயர்ந்த உத்தி

நோயாளியோடு பேசியதை ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொடுக்க வேண்டும். நர்ஸ் சொன்னது, நோயாளி சொன்னது, பக்கத்தில் "பயன்படுத்திய உத்தி" என்று ஒரு கட்டம். ஊக்குவித்தல், தெளிவுபடுத்துதல் என்று பாடத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது. எனக்கு எழுத ஒரே ஒரு வரிதான் இருந்தது. மீதி இருபது நிமிஷத்துக்கு என்ன எழுதுவது? பட்டியலின் கடைசியில் "மௌனம்" என்று ஓர் உத்தி இருந்ததைப் பார்த்தேன். அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! கட்டம் முழுக்க மௌனம், மௌனம் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன்.

எங்கள் கன்னடக்கார டியூட்டர் ஷோபா மேடம் என் நோட்டை வகுப்பில் தூக்கிப் பிடித்தார். "நோடி, எல்லாரும் பாருங்க. நீங்க யாரும் பேஷன்ட்டுக்குப் பேச சான்ஸே கொடுக்கறதில்ல. இந்தப் பொண்ணு இருபது நிமிஷம் மௌனமா கூட இருந்திருக்கா. எவ்வளவு மெச்சூரிட்டி!" என்றார். கைதட்டல்கூட விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் ரூம்மேட் நஸ்ரின் மட்டும் கைதட்டாமல் என் காதருகே குனிந்தாள்.

"ஏ தேனு, அது தெரப்பி இல்லப்பா, டரு, வெறும் பயம். நான் போயி மேடம்ட்ட சொல்லட்டா?"

ஆப்பிள், மேஜை, நாணயம்

ஞாபகத்தைச் சோதிக்க மூன்று சம்பந்தமில்லாத வார்த்தைகளைச் சொல்வோம். நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷம் வேறு பேச்சு பேசிவிட்டு, அந்த மூன்று வார்த்தை என்ன என்று கேட்போம். எங்கள் குறிப்பில் இருந்தவை ஆப்பிள், மேஜை, நாணயம். எங்களுக்கு முந்தைய பேட்சின் குறிப்பிலும் அவைதான். அதற்கு முந்தைய பேட்சிலும் அவையேதான்.

பகல்நேரப் பிரிவுக்குத் தினமும் வருகிறவர் சேஷாத்ரி சார். எழுபதைத் தாண்டியவர். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம், அரசு ஆபீஸில் சூப்பரின்டென்டன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக மறதி நோய். காலையில் என்ன டிபன் சாப்பிட்டார் என்று அவருக்குத் தெரியாது. சாப்பிட்டாரா என்பதிலேயே சந்தேகம். நான் யூனிஃபார்மும் கையில் அட்டையுமாக எதிரே போய் நின்றதும், வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஆப்பிள், மேஜை, நாணயம். சரிதானே?" என்றார். முழு மதிப்பெண்.

விடக்கூடாது என்று மறுநாள் சொந்தமாக மூன்று வார்த்தைகளோடு போனேன். சொன்னேன். அழகாகத் திருப்பிச் சொன்னார். ஐந்து நிமிஷம் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவரின் நாயைப் பற்றிப் பேசினார். பிறகு கேட்டேன். யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். "தெரியலையே. நீயே சொல்லிடு" என்றார். நான் வாயைத் திறந்தேன். கத்தரிக்காய் ஞாபகம் வந்தது. குடை என்று ஒன்று இருந்ததா, இல்லை அது வெளியே மழை பெய்ததால் தோன்றுகிறதா? மூன்றாவதின் சாயல்கூட இல்லை. அட்டையில் எழுதிக்கொள்ள மறந்திருந்தேன். சார் என் முகத்தையே பார்த்தார். பிறகு முன்னால் சாய்ந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"பயப்படாதேம்மா. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

மார்க்

அடுத்தது ராஜேஸ்வரி அம்மாவின் முறை. முப்பது மதிப்பெண் தாள். இது என்ன வருஷம், எத்தனையாவது மாடியில் இருக்கிறீர்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து அப்படியே வரையுங்கள் என்று போகும். நான் மாஸ்க்கோடு, தாளைப் பார்த்துக்கொண்டே, வரிசையாகக் கேட்டேன். அவர் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பதிலைச் சொன்னார்: "தெரியாது." படத்தைக் காட்டினேன். அதைப் பார்க்கக்கூட இல்லை. "தெரியாது." ஒவ்வொரு தெரியாதுக்கும் ஒரு பூஜ்ஜியம் போட்டேன். என் பூஜ்ஜியங்கள் எப்போதும் வட்டமாக, அழகாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஒன்பது.

வராந்தாவில் கவிதா காத்திருந்தாள். "எவ்வளவு சிஸ்டர்?" என்றாள். மாணவிகள் எந்த முடிவையும் வீட்டாரிடம் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். ஆனால் அதை அவளிடம் விளக்குவதற்கு மூன்று நான்கு வாக்கியமாவது பேச வேண்டும். எண்ணைச் சொல்வதென்றால் இரண்டே வார்த்தை. கூச்சப்படுகிறவர்கள் எப்போதும் சின்னதைத்தான் தேர்ந்தெடுப்போம். "முப்பதுக்கு ஒன்பது" என்றேன். அவள் என்னவோ பரீட்சை முடிவைக் கேட்டவள் மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நாலு மாடி, நாப்பது ஆளு, யாருக்கு எந்த ஷிஃப்ட்டு, எல்லாத்தையும் எங்கம்மா மனசுலேயே வெச்சிருக்கும் சிஸ்டர். ஒன்பதா?"

நோய்களின் வாரம்

பாடம் படிக்கும்போது வருகிற நோயைப் பற்றிப் பாடத்தில் இல்லை. திங்கட்கிழமை பதற்ற நோய் படித்தேன். அத்தனை அறிகுறியும் எனக்கு இருந்தது. செவ்வாய்க்கிழமை சமூக அச்சம். அந்தப் பக்கத்தில் என் போட்டோவை ஒட்டாததுதான் பாக்கி. புதன்கிழமை மறதி. படித்த அறிகுறிகளில் பாதி மறந்துபோயிருந்ததால் அதுவும் உறுதியானது. வியாழக்கிழமை புத்தகத்தை மூடிவிட்டு நஸ்ரினிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"அப்புறம் எதுக்குப்பா படிக்கறே? நீயேதான் சிலபஸ்."

இரண்டாவது சனிக்கிழமை

தினமும் பதினோரு மணிக்கு சேஷாத்ரி சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, கதவைத் திற என்பார். நோயாளிக்கு நிஜத்தை மென்மையாக நினைவூட்ட வேண்டும் என்று படித்திருந்தேன். மென்மையாகத்தான் சொன்னேன்: "சார், நீங்க ரிடையராகிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு." அவருக்கு அது அந்த நிமிஷத்துச் செய்தி. முகம் சிவந்துவிட்டது. "யார் ஆர்டர் போட்டது? ஆர்டர் காப்பி எங்கே? எனக்கு ஏன் தெரிவிக்கலை?" என்று கத்த ஆரம்பித்தார். நான் சுவரோரமாக ஒதுங்கினேன்.

வார்டு ஆயா லட்சுமி அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். "சார், இவத்து செகண்ட் சாட்டர்டே அல்வா? ஆபீஸ் ரஜா சார்" என்று கன்னடத்தில் சொன்னாள். இன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை, ஆபீஸ் லீவு என்று அர்த்தம். சார் உடனே பையைக் கழற்றினார், உட்கார்ந்தார், செய்தித்தாள் கேட்டார். அன்றைக்குப் புதன்கிழமை. என் பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயம் அரை வாக்கியத்தில் முடிந்துபோயிற்று.

மறுநாள் பதினோரு மணிக்கு லட்சுமி அக்காவை முந்திக்கொண்டு நானே போய் நின்று, "சார், இன்னைக்கு செகண்ட் சாட்டர்டே" என்றேன். பையைக் கழற்றப் போனவர் நின்று, என் யூனிஃபார்மை மேலும் கீழும் பார்த்தார்.

"லீவு நாள்ல உன்னை யாரும்மா டியூட்டிக்கு வரச் சொன்னா? அந்த ஆபீஸர் பேரைச் சொல்லு, மெமோ அனுப்பறேன்."

ஒரு கமா

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் கவிதா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டாள். "நீங்க காலேஜ்ல இங்கிலீஷ்லதானே படிக்கிறீங்க? இதைக் கொஞ்சம் பாருங்க சிஸ்டர்" என்று போனை நீட்டினாள். மேனேஜருக்கு எழுதிய ராஜினாமா மெயில். அம்மாவுக்கு மறதி நோய், வீட்டில் வேறு யாரும் இல்லை, ஆறு வருட வேலைக்கு நன்றி. இரண்டாவது பத்தியில் என்னுடைய ஒன்பது இருந்தது. ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் முப்பதுக்கு ஒன்பது என்று எழுதியிருந்தாள். "இப்ப அனுப்பல. டிராஃப்ட்டுல கெடக்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்பிடுவேன்" என்றாள். ராஜேஸ்வரி அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அந்த எண்ணை நான் சொல்லியிருக்கவே கூடாது, அதை நம்பி எதையும் எழுதாதீர்கள், முதலில் டாக்டரிடம் கேளுங்கள் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வார்த்தைகள் எல்லாம் வரிசையாகத் தொண்டைவரை வந்து நின்றன. கடைசியில் நான் செய்தது என்ன தெரியுமா? மூன்றாவது வரியில் விட்டுப்போன ஒரு கமாவைப் போட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தேங்க்ஸ் சிஸ்டர். கமா இல்லாம போயிருந்தா அசிங்கமா இருந்திருக்கும்."

சிவப்புத் துணி

அதற்குப் பிறகு ராஜேஸ்வரி அம்மாவிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். கேள்விதானே வம்பு. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்த்தேன். பார்ப்பது எனக்கு வரும். பேசாதவர்களுக்கு வேறு என்ன வேலை? எத்தனையாவது மாடி என்று தெரியாது என்றவர், மூன்று திருப்பம் தள்ளி இருக்கிற பாத்ரூமுக்குப் போய்விட்டு நேராகத் தன் கட்டிலுக்கே வந்தார். காலைகளில் எழுந்திருக்கவே முடியாதவர் போலக் கிடந்தார். மாலையில் கொஞ்சம் தேவலை. சாப்பாட்டை இரண்டு வாயோடு தள்ளிவிட்டார். "அப்பா போனப்போ அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல சிஸ்டர், எல்லா வேலையும் அதுவேதான் பாத்துது" என்று கவிதா ஒருமுறை பெருமையாகச் சொன்னதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் துடைக்கிற துணிகளுக்கு நிறம் உண்டு. சிவப்பு பாத்ரூமுக்கு, நீலம் மேஜைக்கும் அலமாரிக்கும். மூன்றாவது வாரம் புதன்கிழமை, லட்சுமி அக்கா அவசரத்தில் சிவப்புத் துணியாலேயே கட்டில் பக்கத்து அலமாரியைத் துடைத்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ராஜேஸ்வரி அம்மா தலையை மட்டும் திருப்பினார். "ஏம்மா, அது பாத்ரூம் துணி. நேத்தும் இதையேதான் செஞ்சே. முந்தாநாள் சரியா நீலத்தைத்தானே எடுத்தே?" என்றார். நேற்றும் அதையேதான் செய்தாள். முந்தாநாள் நீலம்தான். நான் இரண்டு நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். லட்சுமி அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நல்லா இருக்கும்மா! ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு உன்னைச் சேத்திருக்காங்க, என் தப்பு மட்டும் தேதிவாரியா ஞாபகம் இருக்குதா?"

ரவுண்ட்ஸ்

வெள்ளிக்கிழமை காலை. பெரிய டாக்டர் அம்மா ரவுண்ட்ஸ் வந்தார். கூட ஷோபா மேடம், வார்டு இன்சார்ஜ் ஃபிலோமினா சிஸ்டர், நாங்கள் ஆறு பேர். கவிதா ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கக் கீழே போயிருந்தாள். மேனேஜருக்குப் பதில் சொல்ல அவளுக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். நான் பாத்ரூமில் கண்ணாடி முன்னால் பத்து தடவை ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தேன். "ஸ்டூடன்ட்ஸ், ஏதாவது கவனிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் எனக்கு வந்தது இரண்டே வார்த்தை: "சிவப்புத் துணி." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரின் பேனா மூடியைப் பார்த்தபடியே மீதியையும் சொல்லி முடித்தேன். மனதுக்குள் என் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது.

அந்த மாலை ஒரு நிமிஷம்தான் இருந்தது. "நல்லா கவனிச்சிருக்கீங்க, நோட்ஸ்ல எழுதுங்க" என்றார் டாக்டர். முதல் நாளிலிருந்தே டாக்டர்கள் மனச்சோர்வு என்றுதான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். மறதி நோய்க்காரர்கள் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். இவர் முயற்சியே செய்யாமல் தெரியாது என்கிறார். மாத்திரைகூட முதல் வாரமே தொடங்கியாயிற்று. முந்தின நாள் மாலை டாக்டரே உட்கார்ந்து, கண்ணாடி போடச் சொல்லி, ஒரு மணி நேரம் காத்திருந்து காத்திருந்து அதே தாளைத் திரும்பக் கேட்டிருக்கிறார். இருபத்தைந்து. கண்ணாடியா? அவருக்குக் கண்ணாடி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஃபிலோமினா சிஸ்டர் காக்ஸ் டவுன்காரர், மாதாகோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர், அவர் குரல் இரண்டு வார்டுக்குக் கேட்கும். என் பழைய தாளை எடுத்துப் பார்த்தார். "ஏம்மா, உன் குரல் உன் மாஸ்க்கையே தாண்டாதே. இந்தக் கேள்வியெல்லாம் அந்தம்மாவுக்குக் கேட்டுச்சா முதல்ல?" என்றார்.

டாக்டர் அட்டையை மூடினார். "அந்தப் பொண்ணு போன வாரத்துலேர்ந்து எல்லார்கிட்டேயும் ஒன்பது, ஒன்பதுன்னு சொல்லிட்டிருக்கா. யார் சொன்னது அவகிட்ட?" நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் தூக்குகிற மாதிரி, ஒரு விரல். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நோயைப் பத்தி நான் அவகிட்ட பேசறேன். அந்த ஒன்பதைப் பத்தி நீங்க பேசுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம்

டாக்டரின் அறையில் கவிதா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நிதானமாகச் சொன்னார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கின்றன. இப்போதைக்கு இதை மறதி நோய் என்று சொல்ல முடியாது. துக்கம் வெளியே வராமல் உள்ளேயே தங்கி மனச்சோர்வாகியிருக்கிறது. அதில் கவனம் போய்விடும், கவனம் போனால் ஞாபகமும் போனது மாதிரி இருக்கும். மாத்திரை முழுதாக வேலை செய்ய இன்னும் சில வாரம் ஆகும். கொஞ்ச நாள் தனியாக விடக்கூடாது. மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்கலாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

மாஸ்க்கைக் கழற்றினேன். "அந்த ஒன்பது என்னோட தப்பு. அம்மா கண்ணாடி போடல, நான் கேக்கல. நான் பேசினது அவங்களுக்குக் கேட்டிருக்காது. அந்த நம்பரை உங்ககிட்ட நான் சொல்லியிருக்கவே கூடாது, மெயிலைப் பாத்தப்பவாவது சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்குங்க." அந்த நான்கு வாரத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கவிதா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"பதினோரு நாள் சிஸ்டர். பதினோரு நாளா, அம்மா என் பேரை மறக்கப்போற நாள் என்னைக்குன்னு எண்ணிட்டிருந்தேன்" என்றாள். அதைக் கேட்டு நின்ற என் மௌனத்தை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

வார்டுக்குத் திரும்பினோம். கவிதா கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா, வாணியம்பாடியிலேர்ந்து சித்தி வரேன்னு சொல்லுது. ஒரு மாசம் நம்மகூட இருக்குமாம்" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முதுகு அசையவில்லை. கவிதா போனை எடுத்து அந்த மெயிலைத் திறந்தாள். அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. "மூணு மாசம் கழிச்சு மறதி நோய்தான்னு சொன்னாங்கன்னா?" என்றாள், என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல்.

நோயாளியின் ஞாபகத்தைச் சோதிக்க மாணவியை அனுப்பும் முன்னால், அந்த மாணவிக்குக் குரல் இருக்கிறதா என்று யாராவது சோதித்து அனுப்பினால் நல்லது என்பதுதான் இந்தப் போஸ்டிங்கில் நான் கண்டுபிடித்த ஒரே மருத்துவ உண்மை.

ராஜேஸ்வரி அம்மா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கால்களால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டார். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த பையை இழுத்தார். அட்மிஷன் அன்றைக்கு ஆபீஸிலிருந்து நேராக வந்தபோது கவிதா போட்டிருந்த நீலச் சுடிதார் அதில் சுருட்டிக் கிடந்தது. அதை வெளியே எடுத்தார்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு உன் ஆபீஸ் பஸ்ஸு?" என்றார்.

"எட்டு மணிக்கும்மா."

சுடிதாரை இரண்டு முறை உதறினார், காலரை விரலால் நீவினார், சுருக்கம் போகட்டும் என்று கட்டில் கம்பியில் விரித்துப் போட்டார்.